மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு வெயில் வைசர் ஹெல்மெட்: பார்த்து வாங்குவது எப்படி?

கண்ணாடி போடாதவருக்கு வெயிலைச் சமாளிப்பது சுலபம். ஒரு கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவார், இருட்டினால் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். பவர் கண்ணாடி போடுபவருக்கு இது நடக்காது. கழற்றினால் சாலை தெரியாது, கழற்றாவிட்டால் எதிர்வெயிலில் கண் கூசும். இதனால்தான் நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஓட்டுகிறோம். கண்ணைச் சுருக்கி ஓட்டுபவருக்குச் சாலையில் கிடக்கும் சரளையும் பள்ளமும் தாமதமாகத்தான் தெரியும்.

நான் முதன்முதலில் வெயில் வைசர் உள்ள ஹெல்மெட் வாங்கியபோது, கடையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போட்டுப் பார்த்தேன். தலைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. மறுநாள் கண்ணாடியோடு போட்டபோது அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு இரண்டிலும் விண்விண்ணென்று வலி. வெயிலுக்காக இறக்கிவிட்ட வைசர், கண்ணாடி ஃபிரேமில் இடித்துப் பாதியிலேயே நின்றது. புதிதாக வாங்கப்போகும் யாருக்கும் அது நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கீழே சொல்லியிருக்கும் எல்லாச் சோதனைகளையும் உங்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். கழற்றச் சொல்லும் இடம் ஒன்றே ஒன்று, அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

குழப்பம் வராமல் இருக்க ஒரு வார்த்தை. முகத்துக்கு முன்னால் மூடித் திறக்கும் தெளிவான தகட்டை 'வெளி வைசர்' என்கிறேன். அதற்குப் பின்னால், நெற்றிக்கு மேலே மறைந்திருந்து தேவைப்படும்போது இறங்கும் கறுப்புத் தகடு 'உள் வைசர்'; வெயில் வைசர் என்பது இதுதான். 'கண்ணாடி' என்றால் நாம் மூக்கில் போடுவது மட்டும்.

1. ஹெல்மெட்டுக்கு முன்னால் உங்கள் கண்ணாடியைப் பாருங்கள்

வலிக்குப் பாதிக் காரணம் ஹெல்மெட் அல்ல, கண்ணாடியின் தண்டு. காதில் மாட்டும் அந்தத் தண்டு தடிமனான பிளாஸ்டிக்காக இருந்தால், எவ்வளவு நல்ல ஹெல்மெட்டும் அதை நெற்றிப்பொட்டில் அழுத்தும். மெல்லிய உலோகத் தண்டு, அதுவும் வளையாமல் நேராகப் பின்னால் போகும் தண்டாக இருந்தால் நல்லது. காதுக்குப் பின்னால் கொக்கி போலச் சுற்றி வளையும் தண்டை, ஹெல்மெட் போட்ட பிறகு உள்ளே நுழைக்கவே முடியாது. அகலமான தண்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும்போது அது பக்கப் பார்வையை மறைக்கும்.

லென்ஸ் உடையாத வகையாக இருக்கட்டும். பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் லென்ஸ் கேட்டு வாங்குங்கள். உண்மையான கண்ணாடியில் செய்த லென்ஸை வண்டியில் போட வேண்டாம். விழுந்தால் கண்ணுக்குப் பக்கத்தில் சில்லுகள் இருக்கக்கூடாது.

புரோகிரசிவ் லென்ஸ் போடுபவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் லென்ஸின் மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிக்க. ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சு கன்னத்தை மேலே தள்ளும். கன்னம் கண்ணாடியைத் தூக்கும். சில மில்லிமீட்டர் ஏறினாலே போதும், சாலைக்கு நேராக லென்ஸின் நடுப்பகுதி வந்து தூரம் மங்கலாகிவிடும். குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் வண்டி என்றால் வேறு சிக்கல். தலை கவிழ்ந்திருப்பதால், லென்ஸின் மேல் விளிம்பு வழியாகவோ ஃபிரேமுக்கு மேலாகவோதான் சாலையைப் பார்க்க வேண்டியிருக்கும். அதிகம் ஓட்டுபவர் என்றால் தூரப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி செய்துகொள்வது நல்ல முடிவு.

வெயிலில் தானாகக் கருக்கும் போட்டோகுரோமிக் லென்ஸை நம்பி ஹெல்மெட் தேர்வை விட்டுவிடாதீர்கள். சாதாரண போட்டோகுரோமிக் லென்ஸைக் கருக்க வைப்பது புற ஊதாக் கதிர். ஹெல்மெட் வைசர் பாலிகார்பனேட்டில் ஆனது, அந்தக் கதிரின் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடும். வைசரை மூடினால் உள்ளே உள்ள லென்ஸ் கருக்க வேண்டிய அளவுக்குக் கருக்காது. நடந்து போகும்போது அருமையாக வேலை செய்த கண்ணாடி வண்டியில் ஏறியதும் ஏமாற்றுவது இதனால்தான். கண்ணாடிக் கடையில் இதை யாரும் சொல்வதில்லை என்பதே என் வருத்தம்.

2. எந்த வகை ஹெல்மெட்

கண்ணாடி போடுபவருக்கு அதிகம் ஒத்துவருவது முன்தாடையோடு மேலே தூக்கித் திறக்கும் ஃபிளிப்-அப் ஹெல்மெட். மாடுலர் என்றும் சொல்வார்கள். கண்ணாடியைக் கழற்றாமலே போடலாம், கழற்றலாம். வழி கேட்க நிறுத்தினாலும், தண்ணீர் குடிக்க நிறுத்தினாலும் தாடையைத் தூக்கினால் போதும். எடை கொஞ்சம் கூடும். திறந்த நிலையிலேயே ஓட்ட நினைப்பவர்கள் ஹெல்மெட்டில் 'பி/ஜே' (P/J) என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடிய நிலை, திறந்த நிலை இரண்டுக்கும் சோதித்து அனுமதி பெற்றது என்று அதற்குப் பொருள். வெறும் 'பி' என்றால் ஓடும்போது மூடியே இருக்க வேண்டும்.

ஃபுல்-ஃபேஸ் வேண்டும் என்றால், கண் திறப்பு அகலமாக இருப்பதையும், காதுக்கு மேலே பஞ்சில் கண்ணாடித் தண்டு போக ஒரு பள்ளம் விட்டிருப்பதையும் பாருங்கள். பஞ்சை விரலால் தடவினாலே அந்தப் பள்ளம் தெரியும். ஓபன்-ஃபேஸில் கண்ணாடி போடுவது எல்லாவற்றையும் விடச் சுலபம், ஆனால் தாடைக்குப் பாதுகாப்பே இல்லை. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சான்றிதழ் முத்திரை இல்லாத எதையும் தொட வேண்டாம். ஐரோப்பிய முறையின் புதிய விதி இசிஇ (ECE) 22.06. முந்தைய 22.05-இல் இல்லாத ஒரு சோதனை இதில் சேர்ந்தது: தலை சாய்வாக மோதும்போது மூளையைச் சுழற்றும் விசையையும் அளக்கிறார்கள். உங்கள் நாட்டு விதி வேறு முத்திரை கேட்டால் அதுவும் இருக்க வேண்டும்.

3. அளவு: முதலில் கண்ணாடி இல்லாமல்

கண்ணாடியைக் கழற்றச் சொன்ன இடம் இதுதான். அளவு நாடாவைப் புருவத்துக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் மேலே வைத்து, பின்னந்தலையின் புடைத்த பகுதியைச் சுற்றிக் கொண்டுவந்து அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரு நிறுவனத்தின் 'எம்' (M) அளவு இன்னொன்றில் 'எல்' (L) ஆக இருக்கலாம்.

போட்டதும் கன்னம் இரண்டும் நன்றாக அழுந்த வேண்டும். இரு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே இழுபட வேண்டும். தோல் அப்படியே இருக்க ஹெல்மெட் மட்டும் வழுக்கித் திரும்பினால் அது பெரிய அளவு. அப்புறம் பட்டையை மாட்டிக்கொண்டு, பின்விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த ஹெல்மெட் வேண்டாம். நெற்றியில் ஒரே இடத்தில் மட்டும் அழுத்தினால் அது அளவுக் கோளாறு அல்ல, வடிவக் கோளாறு. சிலருக்குத் தலை உருண்டை, சிலருக்கு முன்பின் நீளம். வேறு மாடலைத்தான் பார்க்க வேண்டும்.

4. இனி கண்ணாடியோடு

ஹெல்மெட் போட்ட பிறகு கண்ணாடியை இரு தண்டும் விரிந்த நிலையில் பிடித்து, கண் திறப்பு வழியாக நேராக உள்ளே தள்ளுங்கள். தண்டு காதுக்கு மேலே வழக்கமான இடத்தில் போய் உட்கார வேண்டும். காது மடலை மடக்கிக்கொண்டு போகக்கூடாது, பஞ்சில் குத்தி மேலே ஏறவும் கூடாது. மூன்று நான்கு முறை முயன்றும் போகவில்லை என்றால், ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் இதே போராட்டம்தான் என்று அர்த்தம்.

உட்கார்ந்துவிட்டதா? சரி, இப்போது காத்திருங்கள். ஐந்து நிமிடம் அல்ல, இருபது முப்பது நிமிடம். கடையில் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. அங்கேயே நின்று வேறு பொருட்களைப் பார்த்துக்கொண்டிருங்கள். நெற்றிப்பொட்டு வலி உடனே வராது. தண்டு எலும்பின் மேல் மெல்ல அழுந்தி, கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் தலையைக் காட்டும். கழற்றியதும் நிலைக்கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். தண்டு போன வழியில் ஆழமான சிவப்புக் கோடு இருந்தால் நீண்ட பயணத்துக்கு அது ஆகாது.

ஹெல்மெட் தலையில் இருக்கும்போதே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கண்ணாடி மூக்கில் வழக்கமான உயரத்தில்தான் இருக்கிறதா? இரண்டு லென்ஸும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா? பேசும்போதும் சிரிக்கும்போதும் ஏறி இறங்குகிறதா? தூரத்தில் ஒரு பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள். ஹெல்மெட் இல்லாமல் படித்ததைப் போலவே தெளிவாகத் தெரிய வேண்டும்.

கண்ணாடிக்கு இடம் வேண்டும் என்பதற்காக ஓர் அளவு பெரிய ஹெல்மெட் வாங்கிவிடாதீர்கள். பலர் செய்யும் தவறு இது. மோதலின்போது தளர்ந்த ஹெல்மெட் தலையில் நகரும், காக்க வேண்டிய இடத்தைக் காக்காது. பஞ்சு நாளடைவில் அமுங்கி இன்னும் தளரும். கன்னம் மட்டும் இறுக்கமாக இருந்தால், அதே நிறுவனம் அதே மாடலுக்குத் தரும் மெல்லிய கன்னப் பஞ்சை மாற்றிக்கொள்ளலாம். பஞ்சுக்குப் பின்னால் இருக்கும் தெர்மாகோலை மட்டும் யாரும் செதுக்கவோ அழுத்திக் குழிவிடவோ கூடாது. மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்வது அதுதான்.

5. உள் வைசரை இறக்கிப் பாருங்கள்

கண்ணாடி போட்டுக்கொண்டே உள் வைசரை முழுவதும் இறக்குங்கள். ஃபிரேமின் மேல் விளிம்பிலோ மூக்கு நுனியிலோ இடிக்கிறதா? இடிக்காவிட்டாலும் உரசும் நிலையில் இருக்கலாம். அதனால் தலையை வேகமாக ஆட்டிப் பாருங்கள், குனிந்து பெட்ரோல் டேங்க் இருக்கும் இடத்தைப் பாருங்கள், வாயை அகலத் திறந்து மூடுங்கள். எதிலும் 'டக்' என்ற ஓசை வரக்கூடாது. இறங்கும் வைசர் ஒவ்வொரு முறையும் லென்ஸைத் தொட்டால் சில வாரங்களில் லென்ஸும் கீறும், வைசரும் கீறும். சில மாடல்களில் வைசர் எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்பதை மாற்றியமைக்க முடியும். பெரிய மூக்கும் பெரிய ஃபிரேமும் உள்ளவர்கள் அதைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, அதன் கீழ்விளிம்பு எங்கே நிற்கிறது? பெரும்பாலான உள் வைசர்கள் முகம் முழுவதையும் மறைப்பதில்லை, கீழே ஒரு வெளிச்சப் பட்டை தெரியும். அது மூக்குக்குக் கீழே இருந்தால் பழகிவிடும். சாலையைப் பார்க்கும் கோட்டுக்குக் குறுக்கே வந்தால் பழகவே பழகாது, மாலைக்குள் கண் களைத்துவிடும்.

ஏற்றி இறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். வலது கை ஆக்சிலரேட்டரில் இருக்கும், ஆகவே இடது கையால் இயக்க முடிய வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, பார்க்காமல் தேடிப் பிடித்துப் பாருங்கள். இடது பக்கக் கீழ்விளிம்பில் நகர்த்தும் பிடி எனக்குப் பிடித்திருக்கிறது. உச்சியில் இருக்கும் பிடிக்குக் கையை முழுவதும் தூக்க வேண்டியிருக்கிறது.

பிறகு பார்வையின் தரம். உள் வைசர், வெளி வைசர் இரண்டையும் இறக்கிவிட்டு கதவு நிலை போன்ற ஒரு நேர்கோட்டைப் பார்த்தபடி தலையை மெல்ல அசையுங்கள். கோடு நெளிந்தால் வைசரின் தரம் போதாது. பவர் லென்ஸோடு சேர்த்து மூன்று தகடுகள் வழியாகப் பார்க்கிறோம். ஒன்றின் குறையை இன்னொன்று பெரிதாக்கும்.

கருமையைப் பற்றி ஒரு கணக்கு. கூலிங் கிளாஸ்களை ஒளியை எவ்வளவு உள்ளே விடுகின்றன என்பதை வைத்து 0 முதல் 4 வரை வகைப்படுத்துகிறார்கள். வகை 3 என்றால் 8 முதல் 18 சதவீதம் ஒளி. வகை 4 என்றால் 3 முதல் 8 சதவீதம். வகை 4 வண்டி ஓட்ட ஏற்றதல்ல என்பது அந்த விதியிலேயே உண்டு. இப்போது, 20 சதவீதம் விடும் உள் வைசரும் 90 சதவீதம் விடும் வெளி வைசரும் சேர்ந்தால் கண்ணுக்கு வருவது 18 சதவீதம். பகல் வெயிலுக்கு அது போதும். இதே ஹெல்மெட்டில் 15 சதவீதம் விடும் பவர் கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு உள் வைசரையும் இறக்கினால் மிஞ்சுவது 3 சதவீதத்துக்கும் குறைவு. பகலிலேயே மரநிழலில் நிற்கும் ஆள் தெரியமாட்டார். எனவே உள் வைசர் உள்ள ஹெல்மெட்டுக்கு நிறமில்லாத பவர் கண்ணாடிதான் சரி.

எதிரொளிக்கும் கூச்சத்தை வடிகட்டும் போலரைஸ்டு லென்ஸும் வண்டிக்கு எனக்குச் சரிப்படவில்லை. வைசரின் பாலிகார்பனேட்டில் வானவில் போலப் பட்டைகள் தெரியும், சில வண்டிகளின் டிஜிட்டல் மீட்டர் இருண்டு போகும். ஈரச் சாலையின் பளபளப்பையும் அது குறைத்துக் காட்டும். அந்தப் பளபளப்புதான் வழுக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது.

உள் வைசர் மேலே மறைந்துகொள்ள நெற்றிப் பகுதியில் இடம் வேண்டும். அந்த இடத்துக்காகத் தெர்மாகோலைக் குறைக்க வேண்டும் அல்லது ஹெல்மெட்டின் வெளிக்கூட்டைப் பெரிதாக்க வேண்டும். இதனால்தான் ஜப்பானின் அராய் நிறுவனம், உள் வைசருக்குப் பதிலாக, வெளி வைசரின் வெளிப்புறத்தில் தூக்கி இறக்கும் கறுப்புத் தகட்டை 'புரோ ஷேட்' என்ற பெயரில் தருகிறது. கண்ணாடி போடுபவருக்கு இதில் இன்னொரு நன்மை, எதுவும் லென்ஸில் இடிக்காது. முறையான முத்திரை உள்ள உள் வைசர் ஹெல்மெட் அந்த இடைவெளியோடுதான் சோதனையைத் தாண்டியிருக்கிறது, ஆகவே அதை வாங்கப் பயப்பட வேண்டியதில்லை. விலை மலிவான, முத்திரை சந்தேகமான ஹெல்மெட்டில் உள் வைசர் இருந்தால் மட்டும் விலகி நில்லுங்கள்.

6. உள் வைசர் ஒத்துவராவிட்டால்

சிலரின் ஃபிரேமுக்கு எந்த உள் வைசரும் ஒத்துவராது. அவர்களுக்கு போட்டோகுரோமிக் வெளி வைசர் நல்ல வழி. தகடே வெளியே இருப்பதால் புற ஊதாக் கதிர் நேராகப் படும், கருக்கும். ஆனால் மீண்டும் தெளியச் சிறிது நேரம் பிடிக்கும். சுரங்கப்பாதைக்குள் நுழைந்த அந்த நொடியில் அது உங்களுக்காகத் தெளியாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

முழுக் கறுப்பு வெளி வைசர் பகலுக்கு மட்டும். தெளிவான வைசர் ஒன்றையும் எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டும், பல இடங்களில் இரவில் கறுப்பு வைசர் சட்டத்துக்கும் புறம்பு. முன்னால் கூரை நீட்டிய அட்வென்சர் ஹெல்மெட், காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயிலுக்கு அருமை. தலையைச் சற்றுக் குனிந்தாலே சூரியன் மறைந்துவிடும். வேகம் கூடினால் காற்று அந்தக் கூரையைப் பிடித்துத் தலையை இழுக்கும்.

7. ஆவி படிதல்

வைசரில் படியும் ஆவியைப் பின்லாக் தடுக்கும். வெளி வைசரின் உட்புறம் பொருத்தும் மெல்லிய இரண்டாவது தகடு அது. சுற்றிலும் உள்ள சிலிகான் ஓரம் நடுவே காற்றை அடைத்து வைக்கிறது. ஆனால் நம் கண்ணாடியில் படியும் ஆவிக்கு அது எதுவும் செய்யாது. அதற்கு மூச்சுக்காற்று மேலே ஏறாமல் தடுக்கும் மூக்குத் தடுப்பும், தாடைப் பக்கம் நன்றாகத் திறக்கும் காற்றுத் துளையும் வேண்டும். கடையில் ஹெல்மெட்டை மூடிக்கொண்டு வாயால் பலமாக நான்கு முறை மூச்சு விட்டுப் பாருங்கள். லென்ஸ் எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்பதிலேயே விடை இருக்கிறது. வெளி வைசரை ஒரே ஒரு படி மட்டும் திறந்து நிறுத்தும் வசதி கட்டாயம் வேண்டும், சிக்னலில் நிற்கும்போது காப்பாற்றுவது அதுதான். பின்லாக் மாட்டிய பிறகு உள் வைசர் அதில் உரசுகிறதா என்றும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

8. வாங்கிய பிறகு

உள் வைசரைக் கருவி இல்லாமல் கழற்ற முடிகிறதா, அதற்கு உதிரி கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். தூசியோடு துடைத்தால் கீறல் விழும். ஈரத் துணியைச் சிறிது நேரம் மேலே போட்டு ஊறவிட்டு, மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அம்மோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் திரவம் பாலிகார்பனேட்டையும் அதன் மேல்பூச்சையும் கெடுக்கும்.

முதல் வாரம் வண்டியை நிறுத்தி வைத்தபடியே, கையுறையோடு உள் வைசரை ஏற்றி இறக்கிப் பழகுங்கள். கை தானாகப் பிடியைத் தேடிப் போகும்வரை ஓட்டத்தில் தொட வேண்டாம். சுரங்கப்பாதை வருகிறது என்றால் வாயிலுக்கு முன்பே ஏற்றிவிட வேண்டும், உள்ளே போய்த் தடவக்கூடாது. வெயில் சாய்ந்ததும் உள் வைசர் மேலே போய்விட வேண்டும். தொலைதூரப் பயணம் என்றால் இன்னொரு பவர் கண்ணாடியைக் கெட்டியான பெட்டியில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வழியில் ஒரு தண்டு உடைந்தால் ஹெல்மெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.